நிலாவெளி புறாத்தீவுப் பயணம்: கொடுக்கும் காசுக்குத் தகுந்ததா?

திருகோணமலைக்குப் புறப்படுகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்பது, புறாத்தீவுக்குப் போகலாமா, போனால் கொடுக்கும் காசுக்குத் தகுந்த பயன் இருக்கிறதா என்பதைத்தான். தாராளமாகப் போகலாம். நீந்தத் தெரிந்தவரோ, உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மிதக்கத் துணிந்தவரோ, உயிருள்ள முருகைக்கற்பாறையை (பவளப்பாறையை) இவ்வளவு குறைந்த சிரமத்தோடு பார்க்கக்கூடிய வேறோர் இடம் இலங்கையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் கரையில் 'ஸ்நோர்க்கல் பயணம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரு படகுச் சவாரியும் ஒரு முகமூடியும் ஒரு மூச்சுக்குழாயும்தான். தண்ணீருக்குள் எப்படி மிதப்பது, எங்கே கால் வைக்கக்கூடாது, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தரும் பத்து நிமிடம் அந்த விலைக்குள் அடங்குவதில்லை. அது இல்லாததால் வருகிறவருக்குப் பாதிக் காட்சி நட்டம். பாறைக்கு வரும் நட்டம் அதைவிடப் பெரிது. இதை மனதில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. அதன் கடற்கரையில் நின்றால், சுமார் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் பாறையும் பற்றைக்காடுமாக இரண்டு திட்டுகள் தெரியும். பெரிய புறாத்தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 45 மீற்றர் உயரம் வரும். சிறிய தீவைச் சுற்றிலும் பாறைத் திட்டுகளே மிகுதி. இந்தப் பாறை இடுக்குகளில் கூடு கட்டும் காட்டு மாடப்புறாக்களால்தான் தீவுக்கு இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தப்பட்ட இந்த இடம் 1963 இல் சரணாலயமாகவும், 2003 இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பூங்காவின் மொத்தப் பரப்பு 471 ஹெக்டேயர். இரண்டு தீவுகளையும் சேர்த்தாலும் அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்பதால், அனுமதிச்சீட்டுக்கு நாம் கொடுக்கும் பணம் தண்ணீருக்குக் கீழே உள்ளதைப் பார்க்கத்தான் என்பதில் சந்தேகமில்லை. நூறு வகை அளவில் முருகைக்கற்களும், முந்நூறு வகை அளவில் பாறைமீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன.

பருவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணம் நன்றாக அமைவதும் வீணாவதும் பாதிக்கு மேல் அதில்தான் தங்கியிருக்கிறது. கிழக்குக் கரைக்கு மழை தருவது வாடை. நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை கடல் கொந்தளித்து, ஆற்று நீரும் மழை நீரும் கலந்து கலங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் படகு போனாலும் கண்ணுக்கு எதுவும் தெளிவாகப் படாது. மே முதல் செப்டெம்பர் வரையான காலமே நம்பிப் போகக்கூடியது. கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இங்கே வெயில் எரிக்கும், தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். அந்த மாதங்களில் தரைப்பக்கமிருந்து வீசும் கச்சான் காற்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். கரையோரம் அலையே இல்லாதது போலத் தோன்றினாலும், மேற்பரப்பில் மிதக்கிறவரை அது மெல்ல மெல்லக் கரையிலிருந்து அப்பால் தள்ளிக்கொண்டே போகும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருப்பவருக்கு அது தெரியாது. சில நிமிடங்களுக்கொரு தரம் தலையைத் தூக்கி, கரையில் நிற்கும் ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் பார்த்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

நேரமும் அவ்வளவு முக்கியம். காலையில் முதல் படகுகளில் போகிறவருக்குக் கிடைக்கும் தீவும் பதினொரு மணிக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் தீவும் வேறு வேறு. காலையில் நீர் அசைவின்றி இருக்கும், மணல் கிளம்பியிராது, மீன்கள் கரைக்கு மிக அருகில் மேய்ந்துகொண்டிருக்கும். முற்பகல் முடிவதற்குள் படகு படகாக ஆட்கள் வந்திறங்க, ஆழங்குறைந்த பகுதி முழுவதும் கால்களால் கலக்கப்பட்டுவிடும். விடுமுறை நாட்களிலும் போயா (முழுமதி) நாட்களிலும் கூட்டம் இன்னும் மிகுதி. வார நாளில், விடிந்ததும் கிளம்பக் கூடியவர்களாக இருந்தால் அதற்கேற்ப நிலாவெளியிலோ உப்புவெளியிலோ முதல் நாள் இரவே தங்கிவிடுங்கள். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அதிகாலை வாகனம் எடுத்து அன்றே தீவுக்கும் போய்த் திரும்பும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கட்டணம் பலருக்குப் புரியாமல் போகும் ஒரு விடயம். பூங்காவுக்கான அனுமதிச்சீட்டு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போவது. படகுக் கூலி படகுக்காரருக்குப் போவது. முகமூடி, கால்துடுப்பு வாடகை இன்னொரு கணக்கு. அனுமதிச்சீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்ற தொகையோடு, குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணமும் வரியும் சேரும். படகுக் கூலியும் படகுக்குத்தான், ஆளுக்கல்ல. ஆகவே இருவராகப் போனால் தலைக்கு விழும் செலவு, ஆறேழு பேராகப் போவதைவிடக் கணிசமாகக் கூடும். கரையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு பேசி ஒரே படகில் போவது அங்கே சாதாரணமாக நடப்பது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் இடையிலான கட்டண வேறுபாடு மிகப் பெரிது. கனடாவிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் உறவினர்கள் தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காக உள்நாட்டுக் கட்டணம் கிடைக்காது. கையில் இருப்பது எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதே கணக்கு. இலங்கை அடையாள அட்டை உள்ளவர்கள் அதை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். தொகைகள் அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. கரையில் உள்ள அனுமதிச்சீட்டு அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டு, படகுக் கூலியையும் திரும்பும் நேரத்தையும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்வதுதான் ஒழுங்கு.

படகு வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகு. நிலாவெளிக் கரையில் மீன்பிடிக்குப் பயன்படும் அதே வகை. மேலே ஒரு வெயில்மறைப்பு இருந்தால் அதிர்ஷ்டம். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். கால் மணி நேரத்துக்குள் தீவின் மணலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் பிறந்ததிலிருந்து இந்தக் கடலோடு பழகியவர். அன்றைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் தெளிவு, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது என்பதைக் கரையை நெருங்கும்போதே பார்த்துச் சொல்லிவிட்டார். தீவின் ஒரு பக்க மணற்கரையிலிருந்து மறுபக்கத்துக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், அந்தத் தகவல் ஒரு பகலையே மிச்சப்படுத்தித் தருகிறது. படகுகளின் சேவைக்கு என் மதிப்பெண் உயர்ந்தது. சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். சொன்ன கூலிக்கு மேல் கேட்கவில்லை. பெரியவர்களைக் கையைப் பிடித்து ஏற்றி இறக்கினார்கள்.

முகமூடி வாடகைக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுக்க முடியவில்லை. நாங்கள் வாடகைக்கு எடுத்த இடத்தில், பெரிய கூடை ஒன்றுக்குள் முகமூடிகளும் குழாய்களும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. சிலவற்றில் முகத்தோடு ஒட்டும் விளிம்பு வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. அளவு பார்க்கும் பேச்சே இல்லை. கைக்கு வந்ததை எடுத்துத் தந்தார்கள். எனக்கு முதலில் கிடைத்த முகமூடியின் வார்ப்பூட்டு இரண்டு தரம் கழன்றது, மாற்றிக் கேட்டதும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்நோர்க்கல் செய்கிறவரின் அனுபவம் முழுவதும் அந்த ஒரு பொருளில்தான் இருக்கிறது. நீர் கசியும் முகமூடியோடு ஒருவர் தண்ணீருக்குள் இறங்கினால், அவர் பார்க்கப்போவது மீனை அல்ல, தன் மூக்குக்குள் ஏறும் உப்புத் தண்ணீரைத்தான். பதறிப் போய் உடனே கால் ஊன்ற இடம் தேடுவார். கால் போய் நிற்பது முருகைக்கல்லின் மேல்.

ஆகவே வாடகை முகமூடியை எடுக்கும் இடத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். வாரைத் தலைக்கு மேல் போடாமல், முகமூடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குரியது. விழுந்தால் வேறொன்றைக் கேளுங்கள். முன் நெற்றி முடி ஒன்றிரண்டு இழை விளிம்புக்குள் அகப்பட்டாலும் தண்ணீர் கசியும். நம்மவர்களுக்குப் பெரிய இடைஞ்சல் மீசை. அதன் வழியாக மூக்குக்குக் கீழே நீர் ஊறிக்கொண்டே இருக்கும். மீசையின் மேல் சிறிது வசிலின் தடவிக்கொண்டால் பெருமளவு குறையும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவி ஒரு தரம் அலசிவிட்டால் ஆவி படியாது. கேட்க அருவருப்பாக இருந்தாலும், கடலில் இறங்கிப் பழகியவர்கள் எல்லாரும் செய்வது அதுதான். மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு முகமூடி போட முடியாது என்பதால், தூரப்பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே பார்வை வில்லை பொருத்திய முகமூடி ஒன்றை வாங்கிக்கொண்டு வருவது பெறுமதியானது. அடிக்கடி கடலுக்குப் போகிற எவருக்கும் சொந்தமாகச் சிலிக்கன் விளிம்புள்ள முகமூடி ஒன்றும் குழாய் ஒன்றும் வாங்கிவிடுவதே சிக்கனம். இன்னொருவர் வாயில் வைத்த குழாயைப் பயன்படுத்தும் சங்கடமும் இருக்காது.

இனித் தண்ணீருக்குள். மணற்கரையில் குப்புறப் படுத்து முகத்தை அமிழ்த்திய சில அடிகளிலேயே காட்சி தொடங்கிவிடுகிறது. முதலில் உடைந்த முருகைக்கல் துண்டுகள் பரந்த தரை. அதன் பிறகு கிளை விரித்த மான்கொம்பு வடிவ முருகைக்கற்கள், மேசை போலத் தட்டையாக விரிந்தவை, மனித மூளையின் மடிப்புகளைக் கொண்ட உருண்டைப் பாறைகள், அசைந்தாடும் மென்மையான வகைகள். வெயில் நேர் மேலே இருக்கும்போது, அலையின் நிழல் வலை வலையாக இவற்றின் மேல் ஓடும். கிளைகளுக்கு நடுவே விரல் நீளம்கூட இல்லாத நீலப் பச்சை மீன்கள் கூட்டமாக நிற்கும். கையசைந்தால் ஒரே கணத்தில் அத்தனையும் கிளைக்குள் ஒளிந்து, மறுகணம் ஒவ்வொன்றாக வெளிவரும். மஞ்சளும் கறுப்பும் கோடிட்ட வண்ணத்துப்பூச்சி மீன்கள் எப்போதும் சோடி சோடியாகவே திரிவதைக் கவனித்தேன். ஒரு கடற்சாமந்தியின் விரல்களுக்குள் குடியிருந்த கோமாளி மீன் ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவேயானாலும், என் முகமூடிக்கு நேராக வந்து நின்று முறைத்துவிட்டுப் போனது.

எனக்கு மிகவும் பிடித்தது கிளிமீன்தான். தண்ணீருக்குள் காது அமிழ்ந்ததும் ஒரு நொறுங்கும் சத்தம் கேட்கும், பக்கத்தில் யாரோ பொரி தின்பது போல. திரும்பிப் பார்த்தால், பச்சையும் இளஞ்சிவப்புமான கிளிமீன்கள் அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டிக்கொண்டிருக்கும். பாறையில் படர்ந்த பாசிக்காக அவை கல்லையும் சேர்த்துக் கடித்து, தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல்வரிசையால் அரைத்து, பின்னால் வெண்மணலாக வெளியேற்றுகின்றன. கரையில் நாம் துவாயை விரித்துப் படுக்கும் மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். பாசி மண்டிவிட்டால் முருகைக்கல்லின் குஞ்சுகள் ஒட்டி வளர இடமிருக்காது என்பதால், பாறையைத் துப்புரவாக வைத்திருப்பதில் இந்த மீனின் பங்கு மிகப் பெரிது. மீன் சந்தையில் கிளிமீனைக் காணும்போதெல்லாம் இப்போது எனக்கு மனம் கனக்கிறது.

சுறாவைப் பற்றிய அச்சம் பலரைப் படகிலேயே இருத்திவிடுகிறது. இங்கே காணப்படுவது கருமுனைச் சுறா. முதுகுத் துடுப்பின் நுனியில் மை தோய்த்த கறுப்பு இருக்கும். முழு வளர்ச்சியில் ஒன்றரை மீற்றர் சொச்சம் நீளும். ஆழங்குறைந்த இடங்களில் குட்டிகளும் திரியும். மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சுபாவமுள்ளது. நாங்கள் பார்த்த சுறா, மணற்தரைக்கு மேலாக எந்த அவசரமும் இல்லாமல் வால் வீசி வந்து, எங்கள் அமைதி குலையாதவரை வளையமிட்டு, இன்னொரு குழுவினர் கைகளை அடித்துக்கொண்டு துரத்தத் தொடங்கியதும் ஆழத்துக்குள் மறைந்துபோனது. அதைப் பார்க்க வேண்டுமானால் அசையாமல் மிதக்க வேண்டும். துரத்துகிறவருக்குக் கிடைப்பது வாலின் நுனி மட்டுமே. கடலாமைக்கும் அப்படித்தான். அழுங்காமையும் பச்சைக் கடலாமையும் இந்த நீரில் மேய்கின்றன. மூச்சு வாங்க மேலே வரும் ஆமையின் வழியை மறித்து நின்று படம் எடுப்பது, நுரையீரலால் மூச்சு விடும் ஓர் உயிரைக் காற்றில்லாமல் தடுப்பதற்குச் சமம். இதைச் செய்கிறவர்களை அங்கே கண்டேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முருகைக்கல் என்பதில் 'கல்' இருப்பதாலோ என்னவோ, பலர் அதன் மேல் ஏறி நின்று இளைப்பாறுகிறார்கள். அது ஆயிரக்கணக்கான மிகச் சிறிய உயிரினங்கள் கூடிக் கட்டிய வீடு. மேலே உள்ள மெல்லிய படலம் முழுவதும் உயிர். அந்த உயிரினத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இந்தப் பாசிகளை இழந்து முருகைக்கல் வெளுத்துப் போகிறது. 1998 இல் இந்து சமுத்திரம் சூடேறி, தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவை உட்பட நாட்டின் மற்றக் கரைகளில் முருகைக்கற்கள் பெருவாரியாக வெளுத்து மடிந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் தப்பின. 2004 டிசெம்பர் 26 அன்று நிலாவெளியைச் சூறையாடிய ஆழிப்பேரலைக்குப் பிறகும், நீண்ட போர்க் காலத்துக்குப் பிறகும் இங்கே பார்க்க ஏதோ மிஞ்சியிருக்கிறது. 2009 க்குப் பிறகு பாதை திறந்து மக்கள் வரத் தொடங்கியது மகிழ்ச்சிக்குரிய விடயம். அந்தக் கரையோர மக்களின் வருமானத்துக்கு அது மிகவும் தேவை. ஆனால் சூட்டுக்குத் தப்பியதை நம் கால்கள் உடைக்கக் கூடாது. கிளை வகைகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர்களே வளரும். உருண்டைப் பாறை வகைகளுக்கு ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் கிடைத்தாலே பெரிது. அகல விரிந்த ஒரு மேசைக்கல்லை ஒரு மிதியில் உடைத்தால், அது திரும்பி வரும்போது மிதித்தவரின் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

கரையை ஒட்டிய ஆழங்குறைந்த பகுதி பெரும்பாலும் உடைந்த துண்டுகளாகவே கிடப்பதை எவரும் பார்க்கலாம். புயலும் அலையும்கூட உடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் ஆட்கள் மிகுதியாக இறங்கும் இடத்திலிருந்து விலகி நீந்தும்போது முழுமையான கிளைகள் கூடிக்கொண்டே போவது கண்ணுக்குப் புலப்படுகிறது. இந்தப் பயணத்தில் எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான். படகுக்காரர் எங்களிடம், "கல்லில கால் ஊண்டாதேங்கோ அண்ணை, களைச்சா அப்படியே மல்லாந்து மிதவுங்கோ, நான் வந்து பிடிக்கிறன்" என்று சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யாரும் கல்லை மிதிக்கவில்லை. பக்கத்துக் குழுவுக்கு அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. யாரிடம் கிடைக்கும், யாரிடம் கிடைக்காது என்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. தீவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் கரையிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், மார்பளவு தண்ணீரில் நிறுத்திச் சொல்லித்தரும் ஏற்பாடு வேண்டும். அனுமதிச்சீட்டின் ஒரு பகுதியாகவே அதை வைத்தால், கூடுதலாகச் சிறு தொகை கேட்டாலும் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

நீந்தத் தெரியாதவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: போகலாம், ஆனால் தண்ணீருக்குள் கூடவே வரும் ஒருவர் வேண்டும். எங்களோடு வந்த அக்காவின் மகளுக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கியை இடுப்புவரை இறுக்கிக் கட்டி, மிதவை வளையம் ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, படகில் வந்த உதவியாளர் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போனார். முதலில் முகத்தை வைக்கவே மறுத்தவள், பிறகு தண்ணீரை விட்டு முகத்தை எடுக்க மறுத்தாள். "மாமா, மீன் என்னைத்தான் பாக்குது" என்று குழாய்க்குள்ளால் கத்தியது எனக்குக் கேட்டது. அங்கி தளர்வாக இருந்தால் உடல் கீழே நழுவ, அங்கி மட்டும் காதுவரை ஏறிவிடும். கவட்டுப் பட்டை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மூச்சுத் தொல்லை, இதய நோய் உள்ளவர்களும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் தண்ணீருக்குள் இறங்காமல் இருப்பதே நல்லது. நன்றாக நீந்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: தனியாகப் போகாதீர்கள். இருவராக, ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்தில் நீந்துங்கள். நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் தொடங்கினால், களைத்துப்போய்த் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.

உடையைப் பற்றி நம் பெண்கள் தயங்குவதை அறிவேன். சேலையும் சல்வாரும் தண்ணீரில் ஊதிக் காலைச் சுற்றும். துப்பட்டா கழுத்தைச் சுற்றினால் ஆபத்து. முழுக்கை நீச்சல் மேலாடையும் கணுக்கால்வரை ஒட்டிய காற்சட்டையும் மானத்துக்கும் பாதுகாப்புக்கும் வெயிலுக்கும் ஒருங்கே பொருந்துவன. அவற்றை அணிந்தால் வெயில் தடுப்புப் பசையும் குறைவாகவே தேவைப்படும். அந்தப் பசைகள் சிலவற்றில் கலந்திருக்கும் ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் முருகைக்கல்லின் இளம் பருவத்துக்கு நஞ்சு. குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் முதுகிலும் பின்தொடையிலும் விழுகிறது. தண்ணீரின் குளிர்மையில் அது தெரியாது, இரவு படுக்கும்போதுதான் தெரியும். காலுக்கு இறப்பர் அடியுள்ள சப்பாத்து கட்டாயம் வேண்டும். மணற்கரை என்று பெயரே தவிர, பாதிக்கு மேல் கூர்மையான முருகைக்கல் சிதைவுகள். பாறை இடுக்குகளில் கடல் முள்ளெலிகள் நீண்ட கறுப்பு முட்களை நீட்டிக்கொண்டிருக்கும்.

தீவில் கடை இல்லை, உணவகம் இல்லை, தங்கும் வசதி இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை என்பதே என் கருத்து. குடிநீரைத் திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய போத்தலில் கொண்டுபோங்கள். பொலித்தீன் பைகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். பாண் துண்டுகளை மீனுக்குப் போடும் பழக்கம் வேண்டாம். பாசியையும் சிற்றுயிர்களையும் தின்று பாறையைக் காக்கும் மீன்களைக் கையேந்த வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. சிப்பியோ முருகைக்கல் துண்டோ எடுத்துவருவது தேசிய பூங்காவில் சட்டப்படி குற்றம்.

ஹிக்கடுவையோடு ஒப்பிட்டுக் கேட்கிறவர்களுக்காக ஒன்று. அங்கே கரையிலிருந்தே இறங்கிவிடலாம், படகுச் செலவில்லாமல் ஆமைகளைப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்கவே விரும்பாதவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகுகளும் உள்ளன. பாறையின் வளத்தில் புறாத்தீவு மிகவும் மேலானது. இரண்டின் பருவங்களும் எதிரெதிர் என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்ற பேச்சே இல்லை. மார்கழியில் வருகிறவர் தெற்குக்கும் ஆடியில் வருகிறவர் கிழக்குக்கும் போகட்டும்.

இரண்டு மணி நேரம் தண்ணீருக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் உடல் குளிர்ந்து களைத்துவிடும். திரும்பிவந்து உப்பைக் கழுவ, நேரமிருந்தால் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அன்றைய பகலில் மிகவும் பிடித்தது அதுதான்.

படகு பேசும்போது கூலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, தண்ணீருக்குள் உங்களோடு இறங்கி வழிகாட்டக் கூடிய ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், அவருக்குத் தனியாகக் கொடுப்பதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதே கரையில் வளர்ந்த ஒரு தம்பி வருவார். எந்தக் கல்லுக்குக் கீழே எது ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். முகமூடியில் நீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்று காட்டித்தருவார். கல்லில் கால் வைக்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துவார். அன்று நாங்கள் கொடுத்த பணத்தில் மனநிறைவோடு கொடுத்தது அந்தத் தொகைதான்.